இயக்குநரின் முதுகெலும்பு

ஸ்டுடியோக்காரரின் உடம்பு அவர் பேச்சைக் கேட்காமல் போனது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். முதலில் இடது கைச் சுண்டுவிரல், பிறகு தோள், அதன் பிறகு புருவமும் உதடும். கடைத்தெருவில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் சின்ன ஸ்டுடியோ அவருடையது. அடுத்தவரை அசையாமல் உட்காரவைப்பதுதான் பிழைப்பு. எதிரே ஆள் சிலைபோல உட்கார்ந்திருக்க, கேமராவுக்குப் பின்னால் இவர் ஆடிக்கொண்டிருந்தார். படத்தில் ஆளுக்கு இரண்டு மூக்கு விழத் தொடங்கியதும் அவர் மனைவி பேசாமல் கேமராவைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

தெருவில் குடிகாரர் என்றார்கள். அவருடைய அப்பாவும் இப்படித்தான் ஆடி ஆடிக் கடைசியில் கட்டிலோடு போனவர். தேநீரைத் தவிர எதையும் குடித்தறியாத அந்த மனுஷரையும் தெரு குடிகாரர் என்று சொல்லித்தான் வழியனுப்பியது. இது இரத்தத்தில் வருகிற வியாதி என்று டாக்டர் சொன்னபோது புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் மகளைப் பார்த்தார்கள். மகளுக்கு அப்போதுதான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கல்லில் செதுக்கிய மாதிரி நிற்கும் கைகள் அவளுக்கு.

"எனக்கு மருந்து கிடைக்காட்டிப் பரவால்ல. அவளுக்குக் கிடைக்கணும். ஏதாவது ஆராய்ச்சி கீராய்ச்சி நடந்தா என்னைச் சேத்துக்கச் சொல்லுங்க" என்றார் ஸ்டுடியோக்காரர்.

நடந்துகொண்டுதான் இருந்தது. ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடத்தில், அசைவுக் கோளாறுகள் உயராய்வு மையம். பெயருக்கு ஏற்ற இடம். ஒரு விண்ணப்பம் உள்ளே போனால் அசையாது. வாசலில் சுழல் கதவு வைத்திருந்தார்கள். நடை தள்ளாடுகிறவர்கள் அதில் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் தெருவுக்கே வந்து நின்றார்கள். உள்ளே போய்ச் சேர்ந்தவர்கள் ஒரு சின்னக் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பேனா கோட்டைத் தொட்டால் தாள் செல்லாது. கை ஆடுகிறது என்பதற்காகத்தானே வந்திருக்கிறோம் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆடாத கையோடு வந்தால் உடனே முடிந்துவிடும் என்று கவுண்டரில் அன்பாகப் பதில் சொன்னார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களை இயக்குநரே வரவேற்றார். நல்ல உயரம், நல்ல குரல். மைக்கைக் கண்டால் அவருக்குத் தோள் இரண்டும் அகலமாகிவிடும்.

"நண்பர்களே! நாம் உண்ணும் உணவிலே டிரிப்டோஃபேன் என்றொரு பொருள் இருக்கிறது. அப்பாவி! ஆனால் அது உடைந்து உருமாறும் வழியிலே குயினோலினிக் அமிலம் என்ற கொடியவன் பிறக்கிறான். மூளையிலே அவன் பெருகிவிட்டால் நரம்பணுக்களை ஓயாமல் உசுப்பேற்றுகிறான். உசுப்பேற்றியே தீர்த்துக்கட்டுகிறான்! உங்கள் கைகால் ஆடுவதற்கு அவன்தான் காரணமா? அதைக் கண்டறிவதே என் வாழ்நாள் வேள்வி. இந்தப் போரில் நான் ஒருபோதும் முதுகு காட்டியதில்லை! நீங்கள்தான் இந்த மையத்தின் முதுகெலும்பு!"

"உசுப்பேத்தியே ஆளைக் காலி பண்ணுறதா?" என்று ஸ்டுடியோக்காரர் மனைவியின் காதில் கேட்டார். "உங்கண்ணன் மாதிரியா?"

"சும்மா இருங்க."

அன்று மதியமே மையத்தின் முதுகெலும்பில் ஊசி இறங்கியது. அமிலத்தை அளக்கத் தண்டுவட நீர் வேண்டும்; அது இடுப்புக்கு மேலே, எலும்புச் சந்துக்குள் இருக்கிறது. மையம் கொடுத்த கையேட்டில், இயக்குநரின் சொந்த நடையில், "எறும்பு கடித்தாற்போன்ற சிறு உணர்வு" என்று அச்சிட்டிருந்தது. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் முகவாயில் இடிக்கும்படி சுருண்டுகொள்ள வேண்டும். அவர் உடம்பு சுருண்டபடி நிற்குமா? ஒரு ஊழியர் தோளையும் இன்னொருவர் முழங்காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி போட்டவர் ஒரு சின்ன டாக்டர், பயிற்சிக்கு வந்த பெண். முதல் தடவை எலும்பில் முட்டியது, இரண்டாம் தடவையும் முட்டியது. "மன்னிச்சிருங்க ஐயா, மன்னிச்சிருங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். கடைசியில் கண்ணாடிபோலத் தெளிந்த நீர் குழாய்க்குள் சொட்டியது.

அப்புறம் ஒரு வாரம் தலையைத் தூக்கினால் மண்டை இரண்டாகப் பிளக்கும் வலி. மல்லாந்து படுத்தபடியே இருந்தார். கஞ்சியை உறிஞ்சுகுழலில் கொடுத்தாள் மனைவி. குழலைப் பிடிக்க உதடும் நிற்காது. கஞ்சி பாதி காதுக்குப் போனது. "எறும்பு பெரிய எறும்பா இருக்கும் போல" என்றார் அவர்.

அடுத்து மூளை விழிப்புணர்வு விழா வந்தது. நீர் கொடுத்தவர்களை எல்லாம் குடும்பத்தோடு மேடையில் உட்காரவைத்தார்கள். அரங்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆய்வுக்கூடம். இயக்குநர் பேச எழுந்தார்.

"மௌனமாக... மௌனமாக மூளையைத் தின்னும் இந்த எதிரி..."

சுவருக்கு அப்பாலிருந்து 'கொய்ங்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. அவர் நிறுத்தினார். மறுபடியும் "மௌனமாக" என்றார். மறுபடியும் 'கொய்ங்ங்'. இயக்குநர் பக்கவாட்டில் திரும்பி, மைக் திறந்திருப்பதை மறந்து, "அந்தச் சனியனை யாராவது அமத்துங்கப்பா" என்றார். ஒருவர் ஓடினார். சத்தம் நின்றது. மௌனம் பற்றிய பகுதி மிக அருமையாக அமைந்தது. ஸ்டுடியோக்காரம்மாகூடக் கைதட்டினாள்.

விழா வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் ஆய்வுக்கூடத்துத் தரையெல்லாம் தண்ணீர். அமத்தப்பட்டது ஃப்ரீசர். உள்ளே உறைந்து கிடந்த எல்லோருடைய தண்டுவட நீரும் உருகி வெதுவெதுப்பாகிவிட்டது.

மையம் உடனே விசாரணைக் குழு அமைத்தது. குழுவுக்கு இயக்குநரே தலைமை ஏற்கும் சிரமத்தை எடுத்துக்கொண்டார். முடிவைச் சொல்ல ஒருங்கிணைப்பாளர் குடும்பங்களைக் கூப்பிட்டார். அவர் எந்தச் செய்தியையும் பிறந்தநாள் வாழ்த்துப்போலச் சொல்லக்கூடியவர்.

"பெட்டியின் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டு, மாதிரிகள் தம் நிலைத்தன்மையை இழந்துள்ளமை கண்டறியப்பட்டது" என்று வாசித்தார்.

"துண்டிக்கப்பட்டுன்னா, யாரால?" என்று கேட்டாள் ஸ்டுடியோக்காரம்மா.

"அது செயப்பாட்டு வினைம்மா. அதுல யாராலன்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"நான்தான் பாத்தேனே. மேடையில நின்னுக்கிட்டு உங்க இயக்குநர்தான் அமத்தச் சொன்னாரு."

"அவர் சனியனைத்தான் அமத்தச் சொன்னாரு. ஃப்ரீசரைன்னு சொல்லல. குழு அந்த வார்த்தையை நல்லா ஆராய்ஞ்சு பாத்திருச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. படித்தவர்கள் இவ்வளவு பேர் தலையாட்டும்போது தனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஸ்டுடியோக்காரர் மறுபடியும் கொடுக்கச் சம்மதித்தார். "பொண்ணுக்காகத்தானே. இன்னொரு வாரம் படுத்துக்கிட்டாப் போச்சு." மறுபடியும் சுருண்டார், மறுபடியும் அமுக்கினார்கள், மறுபடியும் கஞ்சி காதுக்குப் போனது.

இந்த முறை மையம் பொறுப்போடு நடந்துகொண்டது. சத்தம் போடாத புது ஃப்ரீசர் வாங்கி, அதற்குத் திறப்பு விழாவும் வைத்தது. சிவப்பு நாடா, கத்தரிக்கோல், நாலு வரிசை நாற்காலி, நன்கொடையாளர்கள். ஸ்டுடியோக்காரரின் நீர்தான் புதுப் பெட்டிக்குள் போகும் முதல் மாதிரி என்பதால் அவரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஐஸ் நிரப்பிய டப்பாவில் குழாய் மேடைக்கு வந்தது. இயக்குநர் அதை வெறுங்கையால் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதோ! ஓர் எளிய குடிமகனின் முதுகிலிருந்து மனிதகுலத்துக்கு! இந்தத் துளியைக் காணும்போது எனக்கு என் இளமைக்காலப் போராட்டங்கள் நினைவுக்கு வருகின்றன..."

போராட்டங்கள் வரிசையாக வந்தன. பிறகு விருதுகள் வந்தன. இடையில் குழாய் சிறப்பு விருந்தினரின் கைக்குப் போயிற்று; அவர் குலுக்கிப் பார்த்தார். அவருடைய மனைவி, "கண்ணீர் மாதிரியே இருக்கே!" என்றார். அரங்கம் உருகியது. டப்பாவில் இருந்த ஐஸும் உருகி மேடை ஓரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மேடைக்குக் கீழே சின்ன டாக்டர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். நேரம் நிறைய இருக்கிறது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இயக்குநர் தம் வெளிநாட்டுப் பயணங்களுக்குப் போனார். கடைசியில் நாடாவை வெட்டி, இளஞ்சூடாக இருந்த குழாயைப் பலத்த கரவொலிக்கிடையே பெட்டிக்குள் வைத்தார்கள்.

"மாதிரி உரிய தரத்தை எட்டவில்லை" என்று மறுவாரம் தகவல் வந்தது. மூன்றாம் முறை கொடுத்தால் பிளாட்டினம் கொடையாளர் என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கிடைக்கும் என்றும் சொன்னார்கள்.

"போயிட்டு வந்துடுறேன்" என்றார் ஸ்டுடியோக்காரர். நிஜமாகவே எழுந்து செருப்பைத் தேடினார். கால் செருப்புக்குள் நுழையாமல் அங்கேயும் இங்கேயும் துள்ளிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க" என்றாள் மனைவி. "இனிமே உங்க முதுகை யாரும் தொடக் கூடாது."

சில மாதங்கள் கழித்து ஒருங்கிணைப்பாளர் தம் பாஸ்போர்ட் படத்துக்காக ஸ்டுடியோவுக்கு வந்தார். இயக்குநரோடு மாநாட்டுக்குப் போகிறாராம். உட்கார்ந்ததும், வந்த இன்னொரு காரியத்தைச் சொன்னார். மையத்துக்கு ஓர் அறநெறிக் குழு உண்டு. எந்த ஆய்வானாலும் அதன் சம்மதம் வேண்டும். அதில் சாதாரண ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இதுவரை இருந்தவர் இயக்குநரின் மச்சான். அவர் காலமாகிவிட்டார். காலமான பிறகும் இரண்டு கூட்டங்களில் தீர்மானங்களை ஆமோதித்திருந்ததை மேலிடத்துத் தணிக்கைக்காரர்கள் கண்டுபிடித்து, கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டார்களாம்.

"குழுவுல ஓய்வுபெற்ற நீதிபதி ஒருத்தர், வெளி டாக்டருங்க ரெண்டு பேர், அப்புறம் ஒண்ணும் தெரியாதவங்க ஒருத்தர் இருக்கணும்மா. உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

"எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட ஊசி போட்டுக்கிட்டவராச்சே. நான் இருக்கலாமா?"

ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். "அதெல்லாம் பாத்தாச்சு. அவர் கொடுத்த ரெண்டும் கெட்டுப்போச்சுல்ல? அதனால ஆவணப்படி உங்க வீட்டுக்காரர் எங்க ஆய்வுல கலந்துக்கவே இல்ல."

பின்னறையில் ஸ்டுடியோக்காரர் நாற்காலியோடு சேர்ந்து ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்டுடியோக்காரம்மா கத்தவில்லை. விளக்கைச் சற்றுத் திருப்பினாள். "முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். அவர் கண் சிமிட்டும் நேரம் பார்த்துப் படம் எடுத்தாள். கண் மூடிய அந்தப் படத்தையே அச்சிட்டுக் கவரில் போட்டுக் கொடுத்தாள். "சொல்லி அனுப்புங்க. வர்றேன்" என்றாள்.

அவள் போன முதல் கூட்டத்துக்கே இயக்குநர் ஒரு நிருபரையும் அழைத்து வந்திருந்தார். சமூகத்தின் சுயநலத்தை அம்பலப்படுத்த வேண்டியிருந்தது. விஷயம் இதுதான். நோயாளிகளின் அமிலம் கூடவா குறைவா என்று சொல்ல, நோயில்லாதவர்களின் நீரையும் எடுத்து ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டுக் குழுவுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை.

இயக்குநர் எழுந்து நின்றார். "ஒரு சிறு ஊசி! எறும்புக் கடி! அதற்கும் அஞ்சி வீட்டுக்குள் ஒளியும் சமூகமே, உனக்கு வெட்கமில்லையா? அறிவியல் கேட்டால், இதோ, என் முதுகைத் தருவேன்! இந்த நிமிடமே தருவேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்டுடியோக்காரம்மா கையைத் தூக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அதுக்காகத்தான் என்னைச் சேத்திருக்காங்க. ஒண்ணு கேக்கலாங்களா?"

"தாராளமா கேளுங்கம்மா" என்றார் நீதிபதி. பணியில் இருந்த காலத்தில் ஒரு காற்புள்ளிக்காக ஒரு வழக்கையே தள்ளுபடி செய்தவர் என்று அவருக்குப் பெயர்.

"ஐம்பது தாண்டின ஆளு, நல்ல உடம்பு, குடும்பத்துல இந்த வியாதி இல்லாதவங்க. அவ்வளவுதானே வேணும்?"

"ஆமாம்."

"அப்ப சார் இருக்காரே. இப்பத்தான் தன் முதுகைத் தர்றேன்னாரு. வாங்கிக்கிட்டா ஆரம்பிச்சிரலாமே."

நிருபரின் பேனா ஓடத் தொடங்கியது. இயக்குநர் பெருந்தன்மையோடு சிரித்தார். "அம்மா, அது ஒரு உவமை."

"உவமைன்னா 'போல'ன்னு வரணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்க சார். நீங்க போலன்னு சொல்லலையே."

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒலிப்பதிவை மறுபடியும் போடச் சொன்னார். 'என் முதுகைத் தருவேன், இந்த நிமிடமே தருவேன்' என்று அறை முழுக்க முழங்கியது. போல இல்லை.

"உருவகமாக இருக்கலாம்" என்றார் வெளி டாக்டர் ஒருவர், உதவும் எண்ணத்தில்.

"உருவகத்தை இந்தக் குழு அங்கீகரிக்காது" என்றார் நீதிபதி. "தன்வினை. எதிர்காலம். எழுவாய் தெளிவாக இருக்கிறது. ஏகமனதாக ஏற்கிறோம். மைய வரலாற்றில் பொன்னாள்!"

மறுநாள் செய்தித்தாளில் இயக்குநரின் படம் வந்தது. 'அறிவியலுக்கு முதுகு கொடுக்கும் மாமனிதர்.'

மாமனிதர் அன்று காலையிலேயே ஒருங்கிணைப்பாளரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதுல இருந்து விலகுறதுக்கு வழி இருக்கில்ல?"

"தாராளமா விலகலாம் சார். நீங்க எழுதின விதிதான். விலக விரும்புறவங்க காரணத்தை இயக்குநர்கிட்ட நேர்ல விளக்கணும். அவருக்குத் திருப்தியா இருந்தாப் போதும்."

"நான்தான்யா இயக்குநர்!"

"ஆமா சார். ஆனா உங்களைப் பாக்க அடுத்த மாசம்தான் நேரம் இருக்கு. ஊசி புதன்கிழமை. வேணும்னா காத்திருப்போர் வரிசையில உங்க பேரைப் போட்டு வைக்கட்டுமா?"

இரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டலாம் என்று அளந்து பார்த்தார். வாலிபனுக்கு இருப்பதுபோல் இருந்தது. புதன்கிழமை வந்தது. அறநெறிக் குழுவின் சார்பில் ஒருவர் உடனிருந்து பார்க்கலாம் என்று விதியில் இருந்ததால் ஸ்டுடியோக்காரம்மா முகமூடி கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். இயக்குநர் பின்பக்கம் திறந்த பச்சை அங்கியில் கட்டிலேறினார். போரில் முதுகு காட்டாதவர் காட்டினார். சாதாரண முதுகுதான். கொஞ்சம் வேர்க்குரு இருந்தது.

"நீதானே போடப்போற?" என்று சின்ன டாக்டரைக் கேட்டார். அவள் இதற்குள் நன்றாகக் கைதேர்ந்திருந்தாள்.

"நான் பக்கத்துல நிப்பேன் சார். போடுறது புதுசா வந்த பயிற்சி டாக்டர். 'கற்றலுக்கான வாய்ப்பு'ன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

புதிய பயிற்சி டாக்டர் இயக்குநரின் முதுகைக் கண்டு நடுங்கினான். முதல் தடவை எலும்பில் முட்டியது. இயக்குநர் "ஐயோ அம்மா!" என்றார். அறையில் அம்மா என்று கூப்பிடக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்பதால் ஸ்டுடியோக்காரம்மா பக்கத்தில் போனாள்.

"எறும்புதாங்க" என்றாள். "இன்னும் உள்ள போகல. வாசல்ல நிக்குது."

இரண்டாம் தடவையும் முட்டியது. அவர் உதறிய உதறலில் தோளைப் பிடிக்க ஒரு ஆள் போதவில்லை. முழங்காலை அவளே அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கேமரா முக்காலியைத் தூக்கித் தூக்கி இறுகிய கை. அந்தக் கையில் அன்றைக்கு ஒரு அசைவில்லை. நீர் சொட்டியது. சின்ன டாக்டர் குழாயை வாங்கி, யாரும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் ஓட்டமாக ஓடிப்போய் ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்தாள்.

இயக்குநர் ஒரு வாரம் தலை தூக்கவில்லை. அதோடு அவள் எதிர்பாராத ஒரு காரியமும் நடந்தது. செய்தித்தாள் இன்னொரு படம் போட்டது. கல்லூரி மாணவர்களும் கடைக்காரர்களும் மையத்து வாசலில் வரிசையில் நின்றார்கள். இயக்குநரே கொடுத்திருக்கிறார், எங்கள் முதுகுக்கு என்ன வந்தது என்றார்கள். ஒப்பீட்டுக் குழு நிறைந்துவிட்டது. கட்டிலில் படுத்தபடியே அவர் மூன்று பேட்டி கொடுத்தார்.

"குத்தினதுக்குப் பூங்கொத்து வேற!" என்று சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்தினாள் ஸ்டுடியோக்காரம்மா.

மகள் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலை எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து, அது வந்து நிற்கும் இடத்தில் கரண்டியைக் கொண்டுபோய்க் காத்திருக்கப் பழகியிருந்தாள்.

"சரிம்மா, அவரைக் குத்தியாச்சு" என்றாள். "எனக்கு இது வருமா வராதான்னு அதுல தெரிஞ்சிருமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு?"

"உங்கப்பா முதுகுல இருந்து எடுத்ததைக் கையில வச்சு ஆட்டி விளையாடினாங்கல்ல, அதுக்கு. அதைக் கெடுத்துட்டு, அவர் வரவே இல்லன்னாங்கல்ல, அதுக்கு. வேற ஒண்ணுக்கும் இல்ல."

மகள் அடுத்த கரண்டியை எடுத்தாள்.

அளவுகள் வந்த அன்று மறுபடியும் கூட்டம் கூடியது. இயக்குநர் இருக்கையில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். பெயர் தெரியக் கூடாது என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு. சின்ன டாக்டர் படித்தாள். நோயில்லாதவர்களில் பெரும்பாலோருக்கு அமிலம் குறைவாகத்தான் இருந்தது.

"ஒருத்தருக்கு மட்டும் ரொம்பக் கூட, சார். குறியீடு ஒ-1. நோயாளிங்களையும் தாண்டிப் போயிருக்கு."

இயக்குநர் பரிதாபமாகத் தலையசைத்தார். "பாவம். அந்த ஆளுடைய மூளை உள்ளுக்குள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். யார் அவர்?"

சின்ன டாக்டர் நீதிபதியைப் பார்த்தாள். "அவரே கேட்கிறார். சொல்லலாம்" என்றார் நீதிபதி.

"நீங்கதான் சார்."

இயக்குநர் தண்ணீர் குடித்தார். எழுந்தார். மைக் இல்லாவிட்டாலும் தோள் அகன்றது.

"நண்பர்களே! அறிவியல் என்பது தன்னைத்தானே திருத்திக்கொள்வது. இந்த அமிலத்தை நாம் இதுவரை தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோமோ என்று எனக்குச் சில நாட்களாகவே ஓர் ஐயம். உசுப்பேற்றுகிறது என்கிறோம். எதை? மூளையை! உசுப்பேறிய மூளைதானே சிந்திக்கிறது? இது ஏன் மேதைமையின் அடையாளமாக இருக்கக் கூடாது?"

"அப்ப எங்க வீட்டுக்காரரும் மேதைங்களா?" என்று கேட்டாள் ஸ்டுடியோக்காரம்மா.

"அது... அது வேறு வகை."

சின்ன டாக்டர் குறுக்கிட்டாள். "ஒரு தடவை எடுத்ததை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஒரு காய்ச்சல், ஒரு வீக்கம் இருந்தாலே இது ஏறும். சாரோட அளவு நிஜமான்னு தெரியணும்னா இன்னொரு தடவை நீர் எடுக்கணும். வேண்டாம்னா வேண்டாம். இருக்கிறதை அப்படியே அச்சுக்கு அனுப்பிடலாம்."

"இன்னொரு தடவையா!" இயக்குநர் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்? எலும்புக்குள்ள கடப்பாறையை விட்டு நெம்புற மாதிரி இருந்துச்சு! ஒரு வாரம் தலைக்குள்ள உரலை வச்சு இடிச்சாங்க! தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்க முடியல! நரகம்யா! மனுஷனுக்குச் செய்யுற காரியமா இது?"

ஸ்டுடியோக்காரம்மா கையைத் தூக்கினாள்.

"இதைக் கையேட்டுல போடலாங்க. எறும்பை எடுத்துட்டு, சார் சொன்னதை அப்படியே. வர்றவங்க தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்."

"வார்த்தைக்கு வார்த்தை" என்றார் நீதிபதி. "இப்போது நீங்கள் சொல்லுங்கள் ஐயா. அச்சா, ஊசியா?"

இயக்குநர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அழுகிய மூளை என்று அவர் வாயாலேயே சொன்னது அச்சில் ஏறி, மாநாடு மாநாடாக, அவரைப் பிடிக்காதவர்கள் கைக்கெல்லாம் போகும். நிருபர் வேறு வெளியே உட்கார்ந்திருந்தார்.

"ஊசி" என்றார். குரல் முதல்முறையாகச் சின்னதாக இருந்தது.

"குழுவின் சம்மதம் வேண்டும். ஆமோதிப்பவர்கள் கையைத் தூக்கலாம்."

அன்று ஸ்டுடியோக்காரம்மா வீட்டுக்கு வந்தபோது மகள் வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். ஸ்டுடியோக்காரர் சாய்வு நாற்காலியில் இருந்தார். நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடப்பாறை, உரல், நரகம் எல்லாவற்றையும் இயக்குநரின் குரலிலேயே சொன்னாள். ஸ்டுடியோக்காரர் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தால் முகம் ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுக்கும். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

"நீ கையைத் தூக்கினியா?" என்று கேட்டார்.

"ரெண்டு கையையும் தூக்கினேன். ஒண்ணைத்தான் கணக்குல எடுத்துப்பாராம் நீதிபதி."

அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். சிரித்த வேகத்தில் அவருடைய இடது கை, யாரையும் கேட்காமல், விறைப்பாக மேலே போய் நின்றது.

"எழுதிக்கோங்கம்மா, இன்னொரு ஓட்டு" என்றாள் மகள்.